அந்தக் கண்டறியாத இரண்டாம் பாகம்

சரி, அந்தப் படத்தை ஏசி முடிந்ததா? முடியாவிட்டால் ஆறுதலாக இருந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, மிச்சத்தையும் ஏசிவிட்டு வாருங்கள். நான் எங்கும் போகமாட்டேன்.

ஒரே சந்துக்குள் வளர்ந்த நம் பழைய ஒழுங்கைக்காரரின் வைபர் குழுவில் யாரோ அந்த விண்வெளிப் படத்தின் சுவரொட்டியொன்றைப் போட்டதுதான் தாமதம், எல்லாரும் வரிந்துகட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள். கனடாவில் இருப்பவர் பனிக்குள்ளே நின்று ஏசுகிறார். லிங்கநகரில் இருப்பவர் மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு ஏசுகிறார். கோதாரி விழுந்த படம், கண்டறியாத படம், விசர்ப் படம். முதலாம் பாகத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடிய அதே வாய்கள்தான். உங்களை மட்டும் குற்றம் சொல்லவும் ஏலாது. அந்தப் படம் வந்த காலத்தில் உலகம் முழுக்கவே அதை ஏசியிருக்கிறார்கள். சண்டை இல்லையாம், கதாநாயகனின் முகத்தைக்கூடக் காட்டவில்லையாம், ஒரு பொம்பிளை நடக்கிறாள், இருக்கிறாள், பிறகும் நடக்கிறாளாம். அதனால்தான் மூன்றாம் பாகம் என்று ஒன்றை எவனும் எடுக்கவில்லை.

அத்தனை பேருக்கும் நடுவில் நான் ஒருத்தி மட்டும், "அது நல்ல படம். முதலாம் பாகத்தைவிட நல்லது" என்று எழுதினேன். எனக்கும் வாய் சும்மா இராது, உங்களுக்குத் தெரியும். உடனே மாமியின் மகள் எழுதினாள்: "நீ அந்தப் படத்துக்கு வக்காலத்து வாங்காதை. மற்ற ஆரும் வாங்கலாம். நீ வாங்காதை." எழுதிவிட்டுக் குழுவைவிட்டே போய்விட்டாள். அடுத்த நாள் காலையில் யாரோ ஒரு ரோசாப்பூப் படத்தைப் போட்டு வணக்கம் சொன்னதோடு கதை முடிந்தது.

உங்களுக்கு முடிந்தது. எனக்கு முடியவில்லை. இதை எழுத முதல் வேறொருவரிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டேன். இனி உங்களுக்கும் சொல்கிறேன்.

மாமியை உங்களுக்கு நினைவிருக்கும். துறைமுக வாசலில் இருந்து வரும்போது எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. மாமியும் ஒரே மகளும். மகள் என் வயது, ஒரே வகுப்பு, பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவள். மாமா கப்பலில் சமையல்காரர். வெளிநாட்டுக் கப்பலில் மாமாவுக்கு அந்த வேலையை எடுத்துக் கொடுத்தது என் பெரியப்பா. பெரியப்பா வாலிபத்தில் கப்பலோடு சுற்றி, பிறகு நம் துறைமுகத்திலேயே இழுவைப் படகில் வேலைக்கு அமர்ந்தவர். கலியாணம் செய்யாமல் எங்கள் வீட்டிலேயே இருந்தார். அந்த ஒழுங்கையில் இங்கிலீசு விளங்கும் ஒரே மனிசர் அவர்தான்.

அதனால்தான் இங்கிலீசுப் படம் என்றால் எங்கள் வீட்டு மண்டபம். படத்தை வாடகைக்கு எடுப்பது, வீடியோ டெக் வைத்திருந்த டெக்காரர் தன் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவது, ஊரடங்கு வர முதல் முடிய வேண்டும் என்று ஞாயிறு பகலிலேயே யன்னலுக்கெல்லாம் படங்கு கட்டி இருட்டாக்குவது, எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆம்பிளைகளுக்குக் கதிரை, பொம்பிளைகளுக்குப் பாய், எங்களுக்குத் தரை. கட்டிய படங்கில் கருவாட்டு மணம். மழை பெய்தால் குளிர்ந்துபோன தரையில் கால் விறைக்கும்.

பெரியப்பா தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லுவார். படத்தில் பேசப் பேச அவர் தமிழில் சொல்லிக்கொண்டே போவார். சொல்வதா, அவர் நடிப்பார். விண்கலத்தின் தலைவனை அவர், வள்ளத்துத் தலைவனைச் சொல்வது போல, தண்டல் என்றுதான் சொல்லுவார். வெள்ளைக்காரர்கள் சாமான் பெயர்களை அடுக்கி மூச்சு வாங்கப் பேசி முடித்தால், பெரியப்பா இரண்டே சொல்லில், "மெசின் பழுது" என்பார். கலம் ஆடினால் மூதூருக்குப் போகும் லோஞ்ச் படகு மாரிக்கடலில் ஆடுகிற மாதிரி ஆடிக் காட்டுவார். குடல் தெறிக்கச் சிரிப்போம்.

பெட்டியின் சத்தத் திருகாணி என் பொறுப்பு. பெரியப்பா காலால் தரையில் ஒருக்கால் தட்டினால் நான் சத்தத்தைக் குறைக்க வேண்டும், அவர் பேசுவார். பேசி முடித்துத் திரும்பத் தட்டினால் கூட்ட வேண்டும், இசையும் வெடிச்சத்தமும் வரும். வெள்ளைக்காரர் வாயசைப்பார்கள், பெரியப்பாவின் குரல் வரும். நாங்கள் இங்கிலீசுப் படம் பார்த்தது அப்படித்தான். அந்த நடிகர்களின் குரல் எப்படி என்று நம்மில் ஒருவருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியாது. திருகாணி அவ்வளவு நேரமும் என் கையில்தான் இருந்தது.

முதலாம் பாகம் வந்தபோது மாமா விடுமுறையில் வீட்டில் நின்றார். கதை நினைவிருக்கிறதுதானே. தூரத்துக் கிரகம் ஒன்றுக்குப் போன கலம் காணாமல் போகிறது. அதில் போனவனின் மனைவி ஒரு நிலவில் இருக்கும் நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு காத்திருக்கிறாள். நடுவில் சண்டை, நெருப்பு, பல்லுப் பல்லாய் ஒரு மிருகம். கடைசியில் எல்லாரும் அவன் செத்தான் என்று எழும்பிப் போக, அவள் காதில் மட்டும் டொக், டொக், டொக் என்று தட்டும் சத்தம் கேட்கிறது. அதோடு படம் முடிகிறது. மண்டபம் அதிரக் கை தட்டினோம். மாமா எழும்பி நின்று விசிலடித்தார். மாமி வெட்கத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டா.

கொஞ்ச நாளில் மாமா கப்பலேறினார். பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. காகிதம் இல்லை, காசு இல்லை. கொழும்பில் பெரியப்பா சொல்லி ஆள் சேர்த்து அனுப்பிய முகவர் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான். மாமி நாள்தோறும் பின்னேரம் வேலியோரம் வந்து நிற்பா. வேலை முடிந்து வரும் பெரியப்பா சைக்கிளை நிறுத்தாமலே தலையை ஆட்டிவிட்டுப் போவார். அந்தத் தலையாட்டலுக்கு "இண்டைக்கும் ஒண்டும் இல்லை" என்பது அர்த்தம் என்று சின்னப்பிள்ளையான எனக்கே தெரியும்.

நாங்கள் இரண்டு பேரும் என்ன செய்தோம்? விளையாடினோம். கரையில் கவிழ்த்து வைத்த பழைய வள்ளத்துக்கு அடியில் புகுந்தால் அதுதான் விண்கலம். மாமா முந்திக் கொண்டுவந்த வெளிநாட்டு பிஸ்கட் ரின்தான், அந்தத் தகரப் பெட்டிதான் கருவி. அதன் மூடியில் ஒரு குதிரை வண்டிப் படம் இருந்தது. அவள் ரின்னைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே இருப்பாள். நான் வெளியே நின்று கல்லால் வள்ளத்தைத் தட்டுவேன். டொக், டொக், டொக். உள்ளேயிருந்து அவள், "கேக்குது, இன்னும் தட்டு" என்பாள். எப்போதும் அவள்தான் மனைவி, நான்தான் தட்டுகிறவள். ஒரு நாளும் இடம் மாறியதில்லை. மழைத்தூறலில் ஊருக்குள் திரியும் மான் கூட்டம் வந்து எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும், அக்கரை ஆலையில் இருந்து காற்றோடு மாவு மணம் வரும். தகப்பனைக் காணாத பிள்ளையோடு இப்படி ஒரு விளையாட்டா என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. பார்த்துக்கொண்டு போன பெரியவர்களுக்கும் உறைக்கவில்லை.

ஒரு வருடம் தாண்டி அடுத்த மாரி வந்தது. மாமியின் தமையன் ஈச்சிலம்பற்றில் இருந்து வந்தார். வயல்காரர், பெரிய மீசை, கையில் தயிர்ச்சட்டி. மாமி வீட்டு விறாந்தையில் இருந்து அவர் பேசியது எங்கள் குசினிக்கே, அடுப்படிக்கே கேட்டது.

"தங்கச்சி, வாற ஆள் எண்டால் இதுக்குள்ள வந்திருக்கும். ஐயரைக் கேட்டனான். ஆள் கிடையாட்டி தர்ப்பையில உருவம் செய்து எரிச்சுப்போட்டுக் காரியம் செய்யலாமாம். செய்துபோட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. உனக்கெண்டு அப்பு விட்ட காணி கிடக்கு. இஞ்ச கிடந்து ஆரின்ர முகத்தைப் பாக்கப் போறாய்?"

"இருக்கிறாரோ இல்லையோ எண்டு தெரியாமல் எப்பிடி அண்ணை எள்ளுந்தண்ணியும் இறைக்கிறது?"

"தெரியாமலே எத்தினை காலம் இருப்பாய்?"

மாமி அழுதா. அழுது முடித்து, சரி என்றா. திங்கட்கிழமை பயணம், ஊருக்குப் போய் அங்கே காரியம் என்று முடிவாகிவிட்டது. பெட்டி கட்டினா. சட்டி பானைகளை அயலுக்குக் கொடுத்தா. அம்மாவுக்கு ஒரு இடியப்ப உரல் வந்தது. நான் பிள்ளையார் கோயிலுக்கு ஓடிப்போய், அவள் போகாமல் நின்றால் தேங்காய் உடைக்கிறேன் என்று நேர்ந்தேன். மாமாவைக் கொண்டுவந்து தா என்று நான் கேட்கவில்லை. அவள் போகக்கூடாது என்றுதான் கேட்டேன்.

அந்த ஞாயிறுதான் இரண்டாம் பாகம் வந்தது.

மண்டபம் நிறைந்துவிட்டது. "போற ஆள், முன்னுக்கு இருக்கட்டும்" என்று மாமிக்கும் மகளுக்கும் முன்வரிசையில் பாய் விட்டார்கள். தமையனும் வந்து கதிரையில் இருந்தார். காணாமல் போனவன் திரும்பி வரப்போகிறான், அந்த மிருகத்தைக் கொல்லப்போகிறான் என்றுதான் எல்லாரும் வந்தது. படமோ அசையவே மாட்டேன் என்றது. தூசி, நீள நீள நடை, அந்த மனைவியின் முகம். பொடியன்கள் கொட்டாவி விட்டார்கள். பெரியப்பாவும் அன்றைக்குப் பகிடி விடவில்லை. தடிமன், தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்தேன்.

பாதிக்குப் பிறகு, தேடிப்போனவர்கள் அந்தக் காணாமல் போன கலத்தைக் கண்டுபிடித்து உள்ளே போகிறார்கள். இருக்கை ஒன்றில் கட்டுப்பட்டி தொங்குகிறது. பக்கத்தில் முறிந்துபோன ஒரு இரும்புக் கை ஆடி ஆடிக் குழாயில் தட்டிக்கொண்டிருக்கிறது. நிலையத்தில் இருக்கும் மனைவிக்குத் தகவல் சொல்கிறார்கள். பெரியப்பா காலால் தட்டினார். நான் திருகாணியைத் திருகினேன். அவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு சொன்னார்:

"ஆள் அங்க இல்லை. வேற கலத்தில ஏறிப் போட்டார். அந்தத் தட்டுறது அவர் விட்டுட்டுப் போன அடையாளம்."

மண்டபத்தில் ஒரு நிம்மதி. மனைவி கருவியைப் பார்த்து நெடுநேரம் ஏதோ பேசினாள். உதடு மட்டும் அசைந்தது.

"என்ன சொல்லுறாள்?" என்று பின்னால் இருந்து மீன்காரர் கேட்டார்.

"இவ்வளவு காலம் இருந்தனான், இன்னும் இருப்பன் எண்டு சொல்லுறா."

அடுத்த நிமிடமே அவள் கருவியைக் கழற்றி வைத்து, சுவரில் இருந்த மின் ஆளியைத் தட்டி அதை அணைத்தாள்.

"பிறகேன் நிப்பாட்டுறாள்?"

"மெசின் சூடாகிப் போட்டுது. ஆற விடுறா."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் எழும்பி நீள நடைபாதையில் போய், நிலையத்து ஆட்கள் சாப்பிடுகிற மேசையில் ஒரு இடத்தில் இருந்தாள். யாரோ அவள் பக்கம் தட்டைத் தள்ளினார்கள். அவள் சாப்பிடச் சாப்பிடப் படம் முடிந்துவிட்டது.

"அவர் வர முதல் உடம்பைத் தேத்த வேணுமெல்லோ" என்றார் பெரியப்பா.

"ஆள் வரேல்லையே?"

"மூண்டாம் பாகத்தில வருவார்."

அப்போது கிளம்பிய ஏச்சை உங்களில் கன பேர் இன்னும் நிறுத்தவில்லை. எப்படி விளங்கும்? கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. இன்னும் இருப்பேன் என்கிறவள் எதற்காகக் கருவியை அணைத்துவிட்டுச் சோறு தின்னப் போகிறாள்? விசர்ப் படம்தான். நானும் ஏசினேன்.

மாமி மட்டும் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. அடுத்த நாள் காலையில் தமையன் பெட்டியைத் தூக்க வந்தபோது, "நான் இருக்கிறன் அண்ணை" என்றா. அவர் கெஞ்சினார், கத்தினார், "ஒரு படத்தைப் பாத்துப்போட்டா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். மாமி, "படத்துக்காக இல்லை" என்றா. அவர் பெரியப்பாவிடம் வந்து, "நீங்களாவது சொல்லுங்கோவன். உங்கட சொல்லைக் கேப்பா" என்றார். பெரியப்பா வேலைக்கு நேரமாகிறது என்று சைக்கிளை எடுத்தார். தமையன் தனியாக மூதூர் லோஞ்ச் ஏறினார்.

நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். சில்லுச் சில்லாய்ச் சிதறியது. நல்ல சகுனம் என்று ஐயர் சொன்னார். பின்னேரம் பெரியப்பாவுக்கு ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்து, "நீங்கள் நல்ல படம் காட்டினனீங்கள்" என்றேன். அவர் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

அதன்பிறகு மாமியின் காலம் எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரியும். அம்மா திருப்பிக் கொடுத்த உரலில் இடியப்பம் அவித்து விற்றா. பொட்டும் தாலியும் இருந்தன. ஆனாலும் நல்லது கெட்டதுக்குக் கூப்பிட்டும் கூப்பிடாததுமாய்த்தான் கூப்பிட்டோம். கலியாண வீட்டில் ஆலாத்தி எடுக்க ஒருவரும் கேட்கவில்லை. கேட்காதவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. ஆடி அமாவாசை வந்தால் மாமியின் மகள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். தகப்பன் இல்லாத பிள்ளைகள் எல்லாம் விரதம் பிடித்து, கோணேசர் மலைக்குக் கீழே தீர்த்தம் ஆடி, காத்தோட்டிக்காய்க் கறியோடு சாப்பிடும் நாள் அது. "நான் பிடிக்கிறதோ, இல்லையோ?" என்று என்னைக் கேட்பாள். நான் என்னத்தைச் சொல்ல? ஒரு வருடம் பிடித்தாள். தாய் கண்டு, சட்டியோடு கறியைக் கொட்டினா.

டெக்காரர் ஒழுங்கையால் போனால் மாமி வேலியருகே வருவா. "தம்பி, அந்தப் படத்தின்ர மூண்டாம் பாகம் வந்திட்டுதோ?" ஒவ்வொரு முறையும் கேட்பா. நாங்கள் அதைப் பழித்துக் காட்டிச் சிரித்திருக்கிறோம். நான் மட்டுமில்லை, நீங்களும்தான். மகளுக்குக் கலியாணம் வந்தபோது தகப்பன் இடத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுத்தது பெரியப்பா. அவர் செம்புத் தண்ணீரை நிலத்தில் ஊற்றிவிட்டதைப் பார்த்து, பாவம், சொந்தப் பிள்ளை மாதிரி நினைக்கிறார் என்று எல்லாரும் கண் கலங்கினோம்.

இனிப் படத்துக்கு வருகிறேன்.

போன வருடம் என் மகன் அதைக் கணினியில் எடுத்துத் தந்தான். தமிழில் எழுத்தும் கீழே ஓடியது. பழைய பகிடியை நினைத்துச் சிரிக்கத்தான் இருந்தேன். அந்த இடம் வந்தது. இப்போது திருகாணி ஒன்றும் இல்லை. அந்தப் பொம்பிளையின் குரலை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டேன். கரகரத்த குரல். அவள் சொன்னது இதுதான்: "நீ தட்டவில்லை. இத்தனை காலமும் நான் ஒரு இரும்போடு கதைத்திருக்கிறேன். நீ போன அன்றைக்கே செத்துப்போனாய். இனி நான் கேட்க மாட்டேன். எனக்குப் பசிக்கிறது."

அதன்பிறகுதான் அணைக்கிறாள். அதன்பிறகுதான் போய்ச் சாப்பிடுகிறாள். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறது. அவன் முகத்தை ஏன் காட்டவில்லை? செத்தவன் முகத்தை எங்கே காட்டுவது? ஏன் சண்டை இல்லை? அவளுக்கு யாரோடு சண்டை? இப்படித் துணிந்து ஒரு கதையை முடிக்கிறவன் ஆயிரத்தில் ஒருவன். உலகம் ஏசினால் ஏசட்டும், அவர்களுக்கு மிருகம் வேண்டியிருந்திருக்கும். நம் ஒழுங்கைக்கு அந்தப் படத்தை ஏசும் உரிமையே இல்லை. நாம் அதைப் பார்க்கவே இல்லை.

நான் அன்றைக்கே அன்புவழிபுரத்துக்கு ஓடினேன். பெரியப்பா அங்கே என் தம்பி வீட்டில் படுக்கையில் இருந்தார். உடம்பு வற்றிவிட்டது, நினைவு மட்டும் தெளிவு. போன வேகத்தில், "ஏன் பெரியப்பா படத்தை மாத்திச் சொன்னனீங்கள்? எவ்வளவு நல்ல படம். உங்களாலதான் ஊரே அதை ஏசுது" என்று சண்டைக்கு நின்றேன். அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"எனக்கு அப்பவே தெரியும் பிள்ளை" என்றார்.

"என்ன தெரியும்?"

"உன்ர மாமா செத்துப் போட்டான் எண்டு. அந்த மாரிக்கு முன்னம் ஒரு கப்பல் வந்தது. அதில ஒருத்தன் சொன்னவன். புயலில கப்பல் கடலுக்குள்ள தாண்டு போச்சாம். ஒருத்தரும் தப்பேல்லையாம்."

"ஏன் மாமிக்குச் சொல்லேல்லை?"

"நானெல்லோ அவனை ஏத்தி விட்டனான். நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு கிடந்தன். தமையன் வந்து கூட்டிக்கொண்டு போனால் நான் சொல்லாமலே காரியம் நடந்திடும் எண்டு நினைச்சன். அதுக்குள்ள இந்தப் படம். அவ முன்னுக்கு இருந்து என்ர வாயையே பாக்கிறா. அவன் செத்திட்டான் எண்டு படத்தில வருது. படத்துக்குத்தான், எண்டாலும் என்ர வாயால அதைச் சொல்ல ஏலாமல் போச்சு."

"பிறகாவது சொல்லியிருக்கலாமே."

"அவ பெட்டியை அவிட்டாப் பிறகு எப்பிடிச் சொல்லுறது?"

நான் அதற்கும் விடவில்லை. அந்தப் பொம்பிளை பேசிய ஒவ்வொரு வரியாகச் சொல்லி, இதை அன்றைக்கு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று அவருக்கே பாடம் எடுத்துவிட்டு வந்தேன். மாரி வர முதல் அவர் போய்விட்டார். செத்தவீட்டுக்கு மாமி வந்தா. காலடியில் இருந்து, "எங்களுக்கெண்டு இருந்த ஒரு மனிசன்" என்று சொல்லி அழுதா. நான் பக்கத்தில் நின்று, வாய் திறக்காமல் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். பெரியப்பா தவணை சொன்ன மாதிரி நானும் தவணை சொல்லத் தொடங்கிவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாமியின் மகள் உங்கள் எல்லாருக்கும் முன்னால் எனக்கு எழுதியிராவிட்டால் இன்றைக்கும் சொல்லியிருக்க மாட்டேன்.

போன வெள்ளி மாமியிடம் போனேன். மகள் அனுப்பும் காசில் வாழ்கிறா, தனி வீடு, முற்றத்தில் செவ்வரத்தைச் செடி. நெற்றியில் பொட்டு அப்படியே இருக்கிறது. கண் சரியில்லை, எழுத்துப் படிக்க ஏலாது. தொலைபேசியை அவவின் கைக்குள் வைத்து, "மாமி, அந்தப் படம் காட்டுறன், பாருங்கோ" என்றேன்.

"மூண்டாம் பாகமோ?"

"இல்லை மாமி. ரெண்டாம் பாகம். பெரியப்பா அண்டைக்குச் சரியாச் சொல்லேல்லை. நான் சொல்லுறன்."

பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். பெரியப்பா மாதிரி எனக்கு நடிக்க வராது. அந்த இடம் வந்தபோது நான் வாயை மூடிக்கொண்டு அந்தப் பொம்பிளையை முழுக்கப் பேச விட்டேன். பிறகு அவள் சொன்னதைச் சொன்னேன், ஒரு சொல்லும் கூட்டாமல், குறைக்காமல். மாமி திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இப்ப எங்க போறாள்?"

"சாப்பிடப் போறாள் மாமி."

"ம். பசிக்கும்தானே."

படம் முடிந்தது. நான் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் சொன்னேன். கப்பல் வந்தது, அதில் ஒருவன் சொன்னது, பெரியப்பா சொல்லாமல் விட்டது, என்னிடம் சொன்னது. சொல்லச் சொல்ல எனக்குத்தான் அழுகை வந்தது. மாமி அழவில்லை. என் கையைத் தட்டிக் கொடுத்தா. ஒரு முழு வாழ்க்கையை எங்கள் வீட்டுக்குப் பலி கொடுத்த மனிசி எனக்கு ஆறுதல் சொல்கிறா. எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

பிறகு மாமி கேட்டா. "அந்தக் கப்பல்காரன் நாளைச் சொல்லியிருப்பானே?"

"என்ன நாள் மாமி?"

"கப்பல் தாண்ட நாள். கப்பல்காரர் நாள் சொல்லாமல் கதை சொல்ல மாட்டினம். என்ர மனிசனும் அப்பிடித்தான், மழை பெஞ்ச கதையெண்டாலும் நாளோடதான் சொல்லுவார். எனக்கு இனி என்ன, ஒரு திதி குடுத்தால் போதும். நாள் தெரியாட்டி அமாவாசையில குடுக்கலாம் எண்டு ஐயர் சொல்லுவார். அது எல்லாருக்கும் பொது. அவர் போனது அவருக்கெண்டு ஒரு நாளிலதானே. உன்ர பெரியப்பா அதை மறந்திருக்க மாட்டார். நீ கேட்டனியோ, பிள்ளை?"

பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்கும். பின்னேரம் முழுக்க அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

"இல்லை மாமி" என்றேன். "நான் படத்தைப் பற்றித்தான் கேட்டனான்."